எவ்வகைப் பெட்டியாயினும்

ஆர்லன் பொர்பாவைப் பற்றி எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் முதலில் சிரிப்பார்கள், பிறகுதான் பேசுவார்கள். என்னால் அப்படிச் சிரிக்க முடிவதில்லை. அந்தக் கதையில் எனக்கும் பங்கு உண்டு. டார்னெல் நகரசபையில் இருபத்தெட்டு வருடமாக நான்தான் எழுத்தர். கூட்டத்தில் யார் என்ன பேசினார்கள் என்று குறித்து வைப்பது என் வேலை. இன்னொரு வேலையும் உண்டு. பேச வருகிறவருக்கு எதிரே மூன்று விளக்குகள் இருக்கும். பச்சை எரிந்தால் பேசலாம், மஞ்சள் எரிந்தால் முடிக்கப் பார்க்க வேண்டும், சிவப்பு எரிந்தால் வாயை மூட வேண்டும். மேயரின் மாமியாரானாலும் மூன்றே நிமிடம்தான். அந்த விளக்குகளின் பொத்தான்கள் என் மேஜையில் இருக்கின்றன.

ஆர்லன் என்னோடு பள்ளியில் படித்தவன். அவன் தாத்தா அசோர்ஸ் தீவிலிருந்து மாடு கறக்க கலிஃபோர்னியா வந்தவர், அப்பாவும் மாடு கறந்தார். இவனுக்கு மாட்டைக் கண்டாலே ஆகாது. இருபத்திரண்டு வயதில் பழைய குப்பை லாரி ஒன்றை வாங்கினான். உழைப்பாளிதான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அவனுக்கு ஒரு வியாதி இருந்தது. எந்தக் காகிதத்தைக் கையில் கொடுத்தாலும் அதில் நாலு வார்த்தை சேர்க்காமல் திருப்பித் தரமாட்டான். யாரும் எந்தப் பக்கத்திலிருந்தும் நுழைய முடியாதபடி எழுத வேண்டும் என்பான். சட்டைப் பையில் எப்போதும் ஒரு பேனா இருக்கும். ஒரு வருடம் மாதா கோயில் திருவிழாவில் சூப் ஊற்றுகிற இடத்துக்கு அறிவிப்புப் பலகை எழுதச் சொன்னார்கள். "வரிசையில், அல்லது வரிசை போன்ற எந்த அமைப்பிலும், நிற்கவும்" என்று எழுதி வைத்தான். ஜனங்கள் கண்டபடி நின்றார்கள். அதைப் பற்றிக் கேட்டால், அதற்கும் பலகையில் இடம் கொடுத்திருக்கிறேன் என்றான்.

பத்தொன்பது வருடத்துக்கு முன் ஊரில் குப்பை எடுக்க இரண்டு பேர் இருந்தார்கள். வீடுகளின் குப்பையை ஆர்லன் எடுத்தான். வீடு இடிப்பவர்களும் கூரை மாற்றுபவர்களும் உடைசலைக் கொட்ட வாடகைக்கு எடுப்பார்களே, அந்தப் பெரிய இரும்புப் பெட்டிகளும் அவனிடம் இருந்தன, மஞ்சள் நிறத்தில். இன்னொருத்தி கொன்சுவேலோ அர்ரியோலா. செலோ என்றால்தான் ஊருக்குத் தெரியும். அவளிடம் ஆறே ஆறு நீலப் பெட்டிகளும் ஒரு லாரியும் இருந்தன. அவள் புருஷன் ரூபன் ஓட்டிக்கொண்டிருந்தான். அந்த வசந்தத்தில் அவன் திடீரென்று செத்துப்போக, இவளே லாரியில் ஏறினாள். கட்டடக்காரர்களுக்கு அவளைப் பிடிக்கும். காலை ஏழு மணிக்குப் பெட்டி வரும் என்றால் ஏழு மணிக்கு வரும். ஆர்லனின் பெட்டி ஏழு மணிக்கு வரும் என்றால், எந்த நாள் ஏழு மணி என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

அந்த ஆறு பெட்டிகள் ஆர்லனின் கண்ணை உறுத்தின. ஒவ்வொரு மாதமும் முதல் செவ்வாயும் மூன்றாம் செவ்வாயும் சபைக்கு வந்தான். ரூபன் உயிரோடு இருந்தபோதே தொடங்கி, பதினாலு மாதம் வந்தான். ஊரின் குப்பைக்கு ஒரே ஆள்தான் பொறுப்பாக இருக்க வேண்டும், ஆளாளுக்குப் பெட்டி வைத்தால் தெரு என்ன ஆகும், பிள்ளைகள் என்ன ஆவார்கள் என்று மூன்று மூன்று நிமிடமாகப் பேசிப் பேசிச் சபையைக் கரைத்தான். கடைசியில் சபை சரி என்றது. ஊர்க் குப்பை முழுவதும் ஆர்லனுக்கு மட்டுமே என்று ஒரு சட்டம் தயாரானது. ஆனால் அதில் வீட்டுக் குப்பை என்றுதான் இருந்தது, இரும்புப் பெட்டிகளைப் பற்றி ஒன்றும் இல்லை. ஓட்டெடுப்பு நாளன்று எழுந்து, ஒரு வரி சேர்க்க வேண்டும் என்றான். பேனாவை எடுத்து அங்கேயே எழுதிக் கொடுத்தான்:

"எவ்வகைப் பெட்டியாயினும், சபையின் ஒப்பந்தக்காரருடையது தவிர எவருடையதாயினும், நிரம்பியதாயினும் வெறுமையாயினும், நகர எல்லைக்குள் வைத்தல், வைக்க முன்வருதல், தம் சொந்த இடத்திலேயே நிறுத்தியிருத்தல் ஆகிய யாவும் குற்றம்."

காலிப் பெட்டியை எதற்குச் சேர்க்க வேண்டும் என்று அப்போதைய மேயர் கேட்டார். "காலின்னு விட்டுட்டா, நாளைக்கு அதுல பூச்செடி வெச்சிருக்கேம்பாங்க, ஐயா" என்றான் ஆர்லன். சபை சிரித்தது. வரியைச் சேர்த்துக்கொண்டார்கள்.

அடுத்து செலோ பேச வந்தாள். வேலை பூட்ஸோடு வந்திருந்தாள். பாவம், அவளுக்கு மேடைப் பேச்சு பழக்கமில்லை. ரூபனைப் பற்றி ஆரம்பித்து, லாரியைப் பற்றிச் சொல்லி, விஷயத்துக்கு வருவதற்குள் மஞ்சள் விளக்கு வந்துவிட்டது. "என் ஆறு பெட்டியும் யாருக்கு என்ன" என்று அவள் சொல்லும்போது நான் சிவப்பை அழுத்தினேன். நேரம் ஆகிவிட்டது, அழுத்தினேன். அவள் விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள். உட்கார்ந்த இடத்திலிருந்தே ஆர்லன் ஒன்று சொன்னான். அதையும் எழுதிக்கொண்டேன். அப்புறம் ஓட்டெடுத்தார்கள், எல்லோரும் கை தூக்கினார்கள்.

சொந்த இடத்தில்கூடக் காலிப் பெட்டி நிறுத்தக்கூடாது என்றால் அவள் எங்கே போவாள்? ஊர் எல்லை வாய்க்காலோடு முடிகிறது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் பாதாம் தோப்பும் ஆடுகளும்தான் இருந்தன. வீட்டை விற்றுவிட்டு அங்கே ஒரு துண்டு நிலம் வாங்கிப் பெட்டிகளைக் கொண்டுபோனாள். முதல் இரண்டு வருடம் சாப்பாட்டுக்கே திண்டாட்டம் என்று கேள்விப்பட்டேன். அதற்குப் பிறகுதான் தோப்புகளை வெட்டி வீடு கட்ட ஆரம்பித்தார்கள். எல்லாம் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். அங்கே எங்கள் சபையின் சட்டம் செல்லாது, யாரும் பெட்டி வைக்கலாம். இன்றைக்கு செலோவிடம் நாற்பது பெட்டிகள். ஆர்லன் கையில் கிடைத்த ஊரோ அப்படியே இருந்தது. இருந்த வீடுகளுக்குக் கூரை மாற்றுவதைத் தவிர இங்கே புதிதாக ஒன்றும் முளைக்கவில்லை.

ஆறு வருடத்துக்கு முன் ஆர்லனின் முதுகு கைவிட்டது. வீட்டுக் குப்பைத் தொழிலை லாரிகளோடும் சபையின் ஒப்பந்தத்தோடும் வெளியூர்க் கம்பெனி ஒன்றுக்கு விற்றான். ஊதா நிற லாரிக்காரர்கள், தலைமை அலுவலகம் நாலு மாநிலம் தாண்டி இருக்கிறது. ஒரு லாரியையும் பதினாலு மஞ்சள் பெட்டிகளையும் மட்டும் தனக்கென்று வைத்துக்கொண்டான். கம்பெனியின் மேனேஜரோடு உட்கார்ந்து தொத்திறைச்சியும் முட்டையும் சாப்பிட்டு, பெட்டி சமாச்சாரம் உன்னோடு இருக்கட்டும் என்று அவர் சொல்ல, கை குலுக்கி எழுந்து வந்தான். சூப் வரிசைக்கே அத்தனை வார்த்தை எழுதியவன், அன்றைக்குப் பேனாவை எடுக்கவே இல்லை.

அடுத்த வருடம் அவன் மனைவி லூர்திஸ் இறந்துபோனாள். அதற்குப் பிறகு அவனுக்கு இருந்தது அந்தப் பெட்டிகள்தான். விடிந்ததும் லாரியை எடுத்துக்கொண்டு கூரை போடுகிறவர்களிடம் போவான், கிண்டல் செய்வான், திட்டு வாங்குவான், நிரம்பிய பெட்டியை ஏற்றிக் காலிப் பெட்டியை இறக்குவான். வீட்டில் பேச ஒரு நாதி இல்லை. நாள் முழுக்க அவன் பேசுகிற பேச்செல்லாம் அந்தப் பெட்டிகளைச் சுற்றித்தான். அது தெரிந்துதான் சொல்கிறேன், அவன் மேல் எனக்கு எவ்வளவு எரிச்சல் இருந்தாலும்.

போன வருடம் கம்பெனிக்குப் புது மேனேஜர் வந்தார். கை குலுக்கியது அவர் இல்லையே. ஒப்பந்தம் இப்போது கம்பெனியுடையது, சட்டப்படி வேறு யாரும் ஊரில் பெட்டி வைக்கக்கூடாது என்று சபைக்கு ஒரு கடிதம் போட்டார். ஒரே காலையில், விதிமீறலைப் பிடிக்கிற நகரசபை அதிகாரி ஊரைச் சுற்றி வந்து பதினாலு மஞ்சள் பெட்டிகளிலும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டார். ஒன்பது பெட்டி வேலை நடக்கிற இடங்களில் நின்றன, ஐந்து ஆர்லனின் சொந்தக் கொட்டகையில். முப்பது நாளில் எல்லாவற்றையும் ஊரை விட்டு அகற்ற வேண்டும். ஆர்லன் ஒரு ஸ்டிக்கரைப் பிய்த்துக் கையில் எடுத்துக்கொண்டு என் ஜன்னலுக்கு வந்தான்.

"வெர்னா, என் சொந்த இடத்துல நிக்கிற பெட்டி. உள்ள ஒரு காஞ்ச இலைகூட இல்லை. அதுக்கும் ஒட்டிட்டுப் போயிருக்கான்."

"காலியா இருந்தாலும் குத்தம்னுதானே சட்டத்துல இருக்கு."

"எந்த மடையன் எழுதினான் இதை?"

வேடிக்கைக்குச் சொல்கிறான் என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தால் வேடிக்கையாக இல்லை. அவனுக்குச் சுத்தமாக மறந்துபோயிருந்தது. வாழ்நாள் முழுக்க ஆயிரம் காகிதத்தில் ஆயிரம் வார்த்தை சேர்த்தவன், இதை மட்டும் ஞாபகம் வைத்திருப்பானா?

அன்று முதல் டோனட் கடையிலும் முடி வெட்டுகிற இடத்திலும் கோயில் வாசலிலும் அதே கேள்வியைக் கேட்டான். காலிப் பெட்டியைக் குற்றம் என்று எழுதியவன் என்ன பிறவி, அவனுக்கு வேறு வேலை இல்லையா, அவனைப் பெற்றவர்கள் அவனுக்குப் பேனாவை ஏன் வாங்கிக் கொடுத்தார்கள் என்றெல்லாம் கேட்டான். ஊரும் அவன் பக்கம் சேர்ந்தது. கம்பெனியிடம் பெட்டி கேட்டால் இரண்டு வாரம் ஆனது. கழற்றிய கூரை ஓடுகள் வீட்டு வாசல் புல்தரையில் குவிந்து கிடந்தன. ஆர்லன் சபைக்கு ஒரு விண்ணப்பம் எழுதினான். சட்டம் போட்டபோது சபையின் மனதில் இருந்தது வீட்டுக் குப்பை மட்டுமே என்றும், அதை நிரூபிக்க அன்றைய கூட்டக் குறிப்பைத் தன் பேச்சின் நடுவே வாசிக்க வேண்டும் என்றும் கேட்டிருந்தான். முழுமையாக, ஒரு வார்த்தையும் விடாமல், விடப்பட்டதாகக் கருதப்படக்கூடிய எதுவும் இல்லாமல் வாசிக்க வேண்டுமாம்.

பழைய கோப்பைத் தேடி எடுத்துப் படித்தேன். படித்துவிட்டு நேராக டோனட் கடைக்குப் போனேன்.

"அந்த விண்ணப்பத்துல கடைசி வரியை அடிச்சிடு, ஆர்லன். பழைய குறிப்பைப் படிக்கச் சொல்லாதே."

"அப்ப அதுல ஏதோ இருக்கு. சபை மறைக்கப் பாக்குது."

"சபை மறைக்கலைப்பா. நான்தான் மறைக்கப் பாக்கறேன். அதை எழுதினதே நீதான்."

அவன் காபியை வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"கம்பெனிக்காரன் உன்னையும் வளைச்சுட்டானா வெர்னா?"

பள்ளிக்கூடத்திலிருந்து தெரிந்தவன், கடை நிறைய ஆள் இருக்கும்போது இப்படிக் கேட்டான். குறிப்பின் நகல் என் கைப்பையில்தான் இருந்தது. எடுத்து அவன் மூக்குக்கு நேரே நீட்டியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். எனக்கு வந்த கோபத்தில், எக்கேடு கெட்டாவது போ என்று எழுந்து வந்துவிட்டேன். அது என் குணம். அதற்காக இன்றும் வருத்தப்படுகிறேன்.

மூன்றாம் செவ்வாய் சாயங்காலம் ஆறு மணிக்குக் கூட்டம். கூரை வேலைக்காரர்கள் தார் படிந்த கால்சட்டையோடு வந்து உட்கார இடமில்லாமல் சுவரோரம் நின்றார்கள். பேச விரும்புகிறவர்கள் பெயரெழுதிச் சீட்டுக் கொடுக்க வேண்டும். ஆர்லனின் சீட்டுக்கு அடுத்த சீட்டைப் பார்த்தேன். கொன்சுவேலோ அர்ரியோலா என்று எழுதியிருந்தது. கடைசி வரிசையில் அவள் உட்கார்ந்திருந்தாள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் போன நாளிலிருந்து அவள் சபைக்குள் கால் வைத்ததில்லை. இந்த வேடிக்கையைப் பார்க்காமல் எப்படி இருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆர்லன் டை கட்டி வந்திருந்தான். பச்சை விளக்கைப் போட்டேன். நன்றாகவே பேசினான். நாற்பது வருட உழைப்பைச் சொன்னான். பெட்டி போனால் காலையில் எழுந்து எதற்காகச் சட்டை மாட்டுவது என்றே தெரியாது என்றான். கடைசியாக, "என் பதினாலு பெட்டியும் யாருக்கு என்ன கெடுதல் பண்ணிச்சு?" என்று கேட்டான். அந்தக் கேள்வியின் முதல் பாதி என் மேஜைமேல் இருந்த கோப்பில் இருந்தது. பிறகு அவன் என் பக்கம் திரும்பி, இப்போது குறிப்பைப் படிக்கட்டும் என்றான். வாசிக்கக் கேட்டது அவர் என்பதால் அதற்கு ஆகும் நேரமும் அவர் கணக்கில்தான் போகும் என்றார் நகரசபை வக்கீல். போகட்டும் என்றான் ஆர்லன்.

படித்தேன். வேறு என்ன செய்வது? திரு ஆர்லன் பொர்பா பின்வரும் வரியைச் சேர்க்கக் கோரினார் என்று தொடங்கியதும் சுவரோரம் ஒருவன் களுக்கென்று சிரித்தான். பூச்செடி வந்தபோது மண்டபமே சிரித்தது. மேயர்கூட வாயைப் பொத்திக்கொண்டார். ஆர்லனின் காதுகள் சிவந்துவிட்டன. போதும் என்று அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நிறுத்தியிருப்பேன். அவன் சொல்லவில்லை. ஒரு வார்த்தையும் விடக்கூடாது என்று எழுதிக் கொடுத்திருக்கிறானே. மஞ்சளைப் போட்டுவிட்டு மீதியையும் படித்தேன்.

"திருமதி அர்ரியோலா: 'என் ஆறு பெட்டியும் யாருக்கு என்ன.' நேரம் முடிந்தது. திரு பொர்பா, இருக்கையிலிருந்து: 'நேரம் முடிஞ்சுது செலோ. போய் உக்காரு.'"

சிரிப்பு நின்றது. சிவப்பை அழுத்தினேன். ஆர்லன் அந்த விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அடுத்த பெயரைக் கூப்பிட்டேன். செலோ மெதுவாக நடந்து வந்தாள். தலை நரைத்திருந்தது, பூட்ஸ் மட்டும் அதே மாதிரி. இப்போது வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறான் என்று எல்லோரும் காத்திருந்தோம். உண்மையைச் சொல்கிறேன், வாங்கட்டும் என்றுதான் நானும் நினைத்தேன். அவள் அவன் பக்கத்தில் போய் நின்று மேயரைப் பார்த்தாள்.

"என் மூணு நிமிஷத்தை இவருக்குக் குடுக்கறேன். பேசிட்டு இருக்கும்போதே பாதியில நிறுத்தினா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்."

இதற்கு இடம் உண்டா என்று மேயர் என்னைக் கேட்டார். விதியில் உண்டு என்றேன். செலோ தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள். பச்சையைப் போட்டேன்.

ஆர்லன் கையில் இருந்த காகிதத்தைப் பார்த்தான். அதை இரண்டாக மடித்தான், நாலாக மடித்தான், பையில் வைத்தான். பேசுபவர் சபையை நோக்கித்தான் பேச வேண்டும், கூட்டத்தைப் பார்த்துப் பேசக்கூடாது என்பது விதி. அவன் சபைக்கு முதுகைக் காட்டித் திரும்பினான். தட்டிக் கேட்க வேண்டியவள் நான். கேட்கவில்லை.

"எனக்கு அது ஞாபகமே இல்லை, செலோ."

"எனக்கு இருக்கு."

"அப்ப ரூபன் போய் எத்தனை நாள் ஆகியிருந்தது?"

"ஆறு வாரம்."

அவன் தலையை ஆட்டிக்கொண்டான். "தப்புப் பண்ணிட்டேன்" என்றான். அவ்வளவுதான். இன்னும் இரண்டு நிமிடத்துக்கு மேல் இருந்தது. அவன் உட்காரவில்லை, பேசவும் இல்லை. அந்த நேரம் முழுவதும் செலோவின் பக்கம் பார்த்தபடியே நின்றான். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தேன். மஞ்சள் வந்தது. சிவப்பு வந்தது. அவனாகவே போய் உட்கார்ந்தான்.

அப்புறம் சபை என்ன செய்தது என்று கேட்பீர்கள். இளகிவிட்டது என்று சொன்னால் நம்பிவிடுவீர்களா? ஐந்து பேரும் விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்தார்கள். வேறு வழி இல்லை என்றார் வக்கீல். சட்டத்தில் ஏதாவது ஒரு ஓட்டை இருந்தால் அதன் வழியாக இவரை விட்டிருக்கலாம், இவ்வளவு வருட வேலையில் இப்படி ஓட்டையே இல்லாத ஒரு வரியைத் தான் பார்த்ததில்லை என்றார். அவர் அதைப் பாராட்டாகத்தான் சொன்னார். ஆர்லன், பழக்க தோஷம், நன்றி சொன்னான்.

கெடு முடிய ஒன்பது நாள் இருந்தது. மறுநாள் காலை, ஆர்லன் ஒரு மஞ்சள் பெட்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு வாய்க்கால் பாலத்தைத் தாண்டுவதைப் பார்த்ததாக என்னிடம் சொன்னார்கள். அதற்கடுத்த நாள் இன்னும் இரண்டு போயின. சனிக்கிழமை நான் இனிப்பு ரொட்டி ஒன்றை வாங்கிக்கொண்டு செலோவின் இடத்துக்குப் போனேன். யாரோடு சமாதானம் பேசப் போகிறேன் என்று எனக்கே தெளிவாகத் தெரியவில்லை. இரண்டு பேருக்குமே நான் கடன்பட்டிருந்தேன்.

நீலப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் மஞ்சள் பெட்டிகள் வரிசையாக நின்றன. அந்தப் பக்கம் கட்டுகிற புது வீடுகளுக்கு அவனுடைய பெட்டிகளையும் அனுப்பலாம், வேலைக்குப் பஞ்சமில்லை என்று செலோ சொல்லியிருந்தாளாம். கூரைக்காரர்களில் பாதிப் பேர் அங்கேதான் வேலை செய்கிறார்கள். இனி காலையில் அவன் சட்டை மாட்டிக்கொள்ள ஒரு காரணம் இருக்கிறது. ஊருக்குள் தூங்கி, ஊருக்கு வெளியே போய் வாழ வேண்டும், அவ்வளவுதான்.

நான் போனபோது இருவரும் கொட்டகையில் மேஜைக்கு எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். ஆர்லன் என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியை நகர்த்திப் போட்டான். மன்னிப்பு என்று எதுவும் கேட்கவில்லை, ரொட்டியை மட்டும் பெரிய துண்டாக வெட்டி முதலில் எனக்குக் கொடுத்தான். பெட்டிகளை அங்கே நிறுத்துவதற்காக ஒரு ஒப்பந்தம் தயாரித்துக்கொண்டு வந்திருந்தான். நாலு பக்கம், எல்லாம் பெரிய எழுத்தில். முதல் வரியில் "எவ்வகைக் காரணத்தாலாயினும்" என்று இருந்ததை நான் நின்ற இடத்திலிருந்தே பார்த்துவிட்டேன்.

செலோ அதைப் படிக்கவில்லை. எடுத்து மேஜையின் ஆடுகிற காலுக்கு அடியில் சொருகினாள். பிறகு கையை நீட்டினாள்.

"பேனாவைக் குடு. நீ எழுத வேண்டாம். நான் எழுதறேன்."

அவன் கொடுத்தான். அவள் ரசீதுப் புத்தகத்தின் பின்பக்கத்தைக் கிழித்து ஒரே ஒரு வரி எழுதி அவன் பக்கம் தள்ளினாள். "ஆர்லனின் பெட்டிகள் இங்கே நிற்கலாம்."

அவன் அதை மூன்று தடவை படித்தான்.

"எத்தனை பெட்டி, எவ்வளவு நாளைக்குன்னு ஒண்ணும் போடலையே?"

"போடலை" என்றாள் செலோ.

அவன் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. பேனா அவளிடம் இருந்தது.